பாறசாலையில் ஒரு பனிக்காலம்

களியக்காவிளைக் கடைத்தெருவைக் கடந்து, திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு நடந்தால் இஞ்சிவிளை என்னும் சிற்றூரை அடைகின்றோம். இடையில் ஆறில்லை, மலையில்லை, மண்ணின் நிறமும் மாறவில்லை. பின்னே கண்ட மரச்சீனித் தோட்டமும் தென்னந்தோப்பும் இரப்பர் மரங்களுமே முன்னேயும் தொடர்கின்றன. கடைப் பலகைகளில் உள்ள எழுத்து மட்டும் மாறுகின்றது. தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிட்டது என்று வழிப்போக்கனுக்கு அறிவிப்பது பெரும்பாலும் அவ்வெழுத்தே.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களே, நாமெல்லாம் பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள். எல்லையை நாமே கடந்து வந்தோம். பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வரலாறு வேறு. அவர்கள் இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகரவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று எல்லைதான் வந்து, அவர்களுக்கும் அடுத்த ஊரில் இருந்த அவர்தம் மாமன் மைத்துனர்க்கும் இடையே அமர்ந்துகொண்டது. வெளிமாநிலத் தமிழர் என்னும் பெயர் அவர்களை வீடு தேடி வந்து சேர்ந்தது.

தலைநகரில் நெடுங்காலம் அலுவல் பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் இருவர், இம்மக்களிடையே ஒரு பனிக்காலத்தைக் கழிப்பதென முடிவு செய்தோம். பாறசாலையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில் தங்கினோம். அங்கிருந்து வாரந்தோறும் பேருந்திலோ புகைவண்டியிலோ திருவனந்தபுரம் சென்று, அக்கடற்கரை நகரைத் தெருத்தெருவாக நடந்து காண்பது எங்கள் திட்டம். கார் வைத்துக்கொள்வதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். பனிக்காலம் என்றதும் தில்லிவாசிகள் கம்பளியை நினைப்பார்கள்; அது வேண்டா. இவ்வூரின் மார்கழி, விடியலில் தோளுக்கு ஒரு துண்டு கேட்கும். வெயில் ஏறியதும் அதனையும் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

நவராத்திரிக்கு முன்னரே நாங்கள் சென்றுவிட்டோம். அதற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரண்மனையில் கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் சரசுவதி திருவுருவமும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் புதிய தலைநகருக்கு எழுந்தருளும் வழக்கம் ஏற்பட்டது. முதல் இரவு குழித்துறையில். அடுத்த இரவு நெய்யாற்றங்கரையில். மூன்றாம் நாள் தலைநகரில். இவ்வழக்கம் இன்றும் நின்றபாடில்லை. களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவலர் வழியனுப்ப, கேரளக் காவலர் வரவேற்கின்றனர். சரசுவதி கோட்டையை அடுத்த நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்கி விழா முடிந்ததும் ஊர் திரும்புகின்றனர். பத்மநாபபுரமோ இப்போது தமிழ்நாட்டில் உள்ளது. எனினும் அங்குள்ள அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகின்றது. ஊர் ஒருவரிடம், வீட்டின் சாவி மற்றொருவரிடம்! இவ்வேற்பாட்டின் விந்தையை அப்பகுதி மக்கள் யாரும் விந்தையாகக் கருதுவதாகத் தெரியவில்லை.

அந்த ஊர்வலம் வரும் சாலைதான் எங்கள் பாடநூலாக அமைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை எங்களை மாடியிலேயே கட்டிப்போட்டது. மழை விட்டபின், கார்த்திகை முடிவில் எங்கள் பயணங்கள் தொடங்கின.

இச்சாலைக்குப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அரசுப் பேருந்துப் பணியைத் தொடங்கிற்று. இலண்டன் நகரப் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவரை வரவழைத்து அப்பணியை ஒப்படைத்திருந்தனர். முதற் பேருந்துத் தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு. ஆகவே இன்றைய கேரள அரசுப் பேருந்துக் கழகத்தின் முதல் தடத்திலேயே நெய்யாற்றங்கரையும் பாறசாலையும் இருந்தன. புகைவண்டி அவ்வளவு விரைவில் வரவில்லை. கொல்லத்திலிருந்து 1918-இல் திருவனந்தபுரத்தை எட்டிய இருப்புப்பாதை, 1931-இல் நகரின் நடுவில் உள்ள தம்பானூர் வரை வந்தது. பின்னர் நெடுங்காலம் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் பாதை திறக்கப்பெற்றது 1979-ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டுக்கு முன் பாறசாலையில் பிறந்த முதியோர்க்குப் பேருந்தின் மீது உள்ள பரிவு புகைவண்டியின் மீது இல்லை என்பதைப் பேச்சிலிருந்து அறிந்தோம்.

காலை வண்டியில் ஒரு நாள் எங்களுக்கு எதிரே அமர்ந்த பெரியவர், நாங்கள் பேசுவதைக் கேட்டிருந்துவிட்டு, “பாண்டி நாட்டுப் பக்கமோ?” என்றார். தில்லி என்றோம். “அப்படியானால் நீங்களும் வெளியே, நாங்களும் வெளியே” என்று சிரித்தார். அவருடைய தங்கை மார்த்தாண்டத்தில் இருக்கின்றாராம். மொத்தம் அரை மணிப் பயணம். ஆயினும் தங்கையின் பிள்ளைகள் படித்த பாடநூல் வேறு, பெற்ற பங்கீட்டு அட்டை வேறு, வாக்களித்த சட்டமன்றம் வேறு.

பாறசாலை வட்டாரத்தின் பழைமையை அறிய விரும்புவோர் எல்லையைத் தாண்டி முன்சிறைக்கு அண்மையில் உள்ள பார்த்திவபுரத்திற்குச் செல்ல வேண்டும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது ஈண்டு வழியன்று. உணவும் உறையுளும் தந்து கல்வி புகட்டிய நிலையம். அதற்குரிய செப்பேடு கலியுக நாள் கணக்கில் 14,49,087 என்று நாளையே குறிப்பிடுகின்றது. கி.பி. 866-ஐ ஒட்டிய காலம் அது. முன்சிறைச் சபையாரின் நிலத்தை மன்னன் பறிக்கவில்லை. மாற்று நிலம் கொடுத்தே பெற்றான். சாலையில் பயின்ற சட்டர் தொண்ணூற்றைவர். மூன்று வேதப் பிரிவினர்க்கும் முறையே 45, 36, 14 என இடம் பகுக்கப்பெற்றது. பூசலிட்டால் தண்டம் உண்டு. அவையில் ஆயுதம் கொண்டு வரலாகாது. மாணவர் விடுதிகளுக்கு விதி எழுதுவோர் இவ்வோலையை ஒருமுறை பார்த்தல் நலம்.

இச்செப்பேடு நெடுங்காலம் திருவனந்தபுரத்து ஹுசூர்க் கச்சேரியில் இருந்தது. கோபிநாத ராயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் அதனைப் பதிப்பித்தார். அதிலுள்ள ஒரு செய்திதான் எங்களைப் பாறசாலையிலிருந்து நகருக்கு இழுத்துச் சென்றது. பார்த்திவபுரத்துச் சாலை, காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி அமைக்கப்பெற்றதாம். காந்தளூர் எது? முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வெற்றிச் செய்தியாக முன்னிற்கும் அதே காந்தளூர்ச் சாலைதான். அங்கே சோழன் மரக்கலங்களை அழித்தான் என்பாரும், சாலையில் நடந்த உணவு ஒழுங்கை மாற்றியமைத்தான் என்பாரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். பலரும் அதனைத் திருவனந்தபுரத்து வலியசாலையாகக் கொள்கின்றனர்; அங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. பேருந்தை விட்டிறங்கி, கிள்ளியாற்றுப் பாலத்தைக் கடந்து அக்கோயில் வாயிலில் நாங்கள் நின்றபோது, அக்கிரகாரத் தெருவில் மார்கழிக் கோலங்கள் இன்னும் மிதிபடாமல் இருந்தன. கோயில் மணியை விடத் தெருவில் கேட்ட தமிழே எங்களுக்குப் பெரிய சான்றாகத் தோன்றியது. ஆராய்ச்சியாளர் இதனை ஏற்கமாட்டார் என்பதும் அறிவோம்.

சாலைக் கடைத்தெருவுக்கு அங்கிருந்து நடந்தே செல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக இருந்த இராசா கேசவதாசர் அமைத்த அங்காடி அது. நாஞ்சில் நாட்டு நெல்லும் தெற்கத்திச் சரக்கும் தலைநகரை எளிதில் அடையும் பொருட்டு வழியும் பாலங்களும் அமைத்தார். சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு என்று தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே சென்றால், எந்த ஊரில் நடக்கின்றோம் என்னும் ஐயம் பிறக்கும். மளிகைக் கடைகளில் விலை கேட்பது ஒரு மொழியிலும், கணக்குப் பார்ப்பது மற்றொரு மொழியிலும் நிகழ்கின்றது. எவரும் எந்த மொழிக்கும் மன்னிப்புக் கேட்பதில்லை.

கரமனை ஆற்றங்கரையில் மற்றொரு காலைப் பொழுது. நீலகண்ட சிவன் வாழ்ந்து தமிழ்ப் பாடல்கள் இயற்றிய இடம் அது. தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து திருவனந்தபுரம் வந்த பாபநாசம் சிவன் வடமொழி கற்றதும், நீலகண்ட சிவனின் பாடல்களில் தோய்ந்ததும் இந்நகரிலேயே. சென்னையின் மார்கழி வீதிகளில் பின்னாளில் அவர் நடத்திய பசனைக்கு இக்கரையே பள்ளிக்கூடம் எனலாம். நகரின் வடகிழக்கே பேரூர்க்கடையில் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வாழ்ந்தார். தம் ஆசிரியர் ஆர்வியின் நினைவாகத் தம் இல்லத்திற்கு ஆர்விபுரம் என்று பெயரிட்டார். 1891-இல் வெளிவந்த அவருடைய மனோன்மணீயத்தில் உள்ள வாழ்த்துத்தான் தமிழ்நாட்டு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக விளங்குகின்றது. நம் சங்கங்களின் விழாக்களில் எழுந்து நின்று அதனைப் பாடும் நாம், அது திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஒருவர் எழுதியது என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றோம். திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு வரிசைப்படுத்த முற்பட்ட முன்னோடியும் அவரே.

விழிஞத்தை ஒரு தை மாதத்து மாலையில் கண்டோம். ஆய் மன்னர்களின் துறைமுகம் அது. சிறியதொரு குடைவரையுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்க, வெளிப்பாறையில் சிவனும் பார்வதியும் முற்றுப்பெறாமலே நிற்கின்றனர். சிற்பி ஏன் உளியைக் கீழே வைத்தான் என்பது யாருக்குத் தெரியும்? 2025 மே மாதம் நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்ற பெருந்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் அப்பால் வானை மறைத்தன.

நகருக்கும் எல்லைக்கும் நடுவே பாலராமபுரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். எங்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது அவ்வூர். பாலராம வர்மாவின் ஆட்சியில், 1798-க்கும் 1810-க்கும் இடைப்பட்ட காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தெற்கிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பெற்றன. அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வது அவர்கள் கடமை. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என அவர்கள் தெருக்கள் அமைந்தன. விடியலில் தெரு நீளத்திற்குப் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு வாரும் காட்சியைக் காண நாங்கள் முதல் வண்டியில் சென்றோம். வெயில் ஏறுமுன் அவ்வேலை முடிய வேண்டும். பனி ஈரம் இழைக்கு நல்லது என்றார் ஒருவர். குழித்தறியில் கால்களை இறக்கி, நாடாவைக் கையால் எறிந்து நெய்கின்றனர். கசவுக் கரையிட்ட அத்துணியில் அகம் புறம் என்னும் வேறுபாடு தோன்றாது. இருபுறமும் ஒன்று போலவே இருக்கும். கேரளத்தின் அடையாளமாக ஓணத்தன்று பெண்கள் உடுத்தும் முண்டும் நேரியதும் தமிழ் பேசும் இல்லங்களின் தறிகளில் உருவாயின என்பதை நினைக்க எங்களுக்கு வியப்பாக இருந்தது. எங்களிடம் பேசிய நெசவாளருக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை. அவர் கவலை வேறு. “பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை ஐயா, கூலி கட்டாது” என்றார். மொழியைப் பற்றி நாங்கள் கேட்டோம். அவர் தொழிலைப் பற்றியே விடை சொன்னார். இரண்டும் ஒரே வீட்டில்தான் தேய்கின்றன.

நெய்யாற்றங்கரையின் கதையைச் சுருக்கியே கூற வேண்டும். பகைவரிடமிருந்து மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்பெறும் அம்மச்சிப் பிலா கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தைச் சார்ந்தது. திவானின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பெற்ற இதழாசிரியர் சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை இப்பகுதியில் பிறந்தவர். அவரை ஆரல்வாய்மொழி வழியாகவே எல்லைக்கு அப்பால் விட்டனர். முதற் பேருந்து ஓடிய அதே 1938-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 31 அன்று, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது நெய்யாற்றங்கரையில் படையினர் சுட்டனர். வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். அன்று சாலையில் விழுந்த குருதிக்கு மொழி கேட்டவர் எவரும் இல்லை.

பின்னர் மொழி கேட்கும் காலமும் வந்தது. தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடிற்று. மார்ஷல் நேசமணி அதன் பெருந்தலைவர். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றங்கரை வட்டமும் கோரிக்கையில் இருந்தது, அது நிறைவேறவில்லை. அவ்வட்டத்தில் மலையாளம் பேசுவோரே மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளம் பேசும் குடும்பங்கள் இப்பால் நின்றுவிட்டன என்பதையும் உடன் சொல்வதே நேர்மை. ஊரும் மொழியும் பின்னிக் கிடந்த இடத்தில் எங்கே கோடு கிழித்தாலும் சில வீடுகள் தவறான பக்கத்தில் அமையும்.

தண்ணீரும் அக்கோட்டிற்கு உட்பட்டது. நெய்யாற்றின் இடக்கரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கு நீர் தந்து வந்தது. 2004-இல் அது நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மொழிக்கோ சட்டத்தில் இடம் உண்டு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல வேண்டுமென்னும் 350-அ பிரிவு அரசியலமைப்பில் 1956-இலேயே சேர்க்கப்பெற்றது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த வழி செய்கின்றது. அவ்வாறு எழுதுவோர் உளரா என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டோம். “சட்டம் இருக்கிறது. எழுதுவதற்கு எழுத்து வேண்டாமா?” என்றார்.

அவர் சொன்னதன் பொருளை அவர் வீட்டிலேயே கண்டோம். மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்திய நாள். நாராயண குரு 1888-இல் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிலைநிறுத்திய அருவிப்புறத்திற்கு மறுநாள் செல்ல நாங்கள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். தமிழிலும் பதிகங்கள் பாடியவர் அவர். பேச்சு அதனைப் பற்றி வந்தபோது, ஆசிரியரின் தாயார் உள்ளே சென்று பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். குமாரகோயிலுக்குக் காவடி எடுக்கும் பாட்டுகளும் தாலாட்டும் ஒப்பாரியும் அதில் நிறைந்திருந்தன. சொல்லெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் மலையாளம். “தமிழ் எழுத்து எனக்கு அறியாது, மக்களே. பாட்டு அறியும்” என்றார்.

மலையாள எழுத்தில் தமிழ் ஒலிகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் எழுதலாம். ழகரமும் றகரமும் அதிலும் உண்டு. நகரத்திற்கும் னகரத்திற்கும் மட்டும் அங்கே ஒரே எழுத்து. அப்புத்தகத்தில் ‘நானும்’ என்னும் சொல்லின் முதலிலும் இடையிலும் ஒரே வடிவம் நின்றது. மலையாளப் பள்ளியில் படிக்கும் பேத்தி அப்பக்கத்தை வாங்கிப் படித்தபோது இரண்டையும் ஒன்று போலவே ஒலித்தாள். பாட்டி தலையசைத்து, புத்தகத்தைப் பார்க்காமலே அவ்வடியைப் பாடிக் காட்டினார். இரு ஒலியும் தனித்தனியே தெளிவாக வந்தன. சிறுமி மீண்டும் கேட்டாள். மீண்டும் பாடினார். பின்னர் அவள் எங்களிடம் திரும்பி, அந்த இரண்டு எழுத்தையும் எப்படி எழுதுவது என்று கேட்டாள். கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் காட்டினோம்.